மூன்று முறை மணி

பசி வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. மெஷின் அக்காவை முதலில் எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

ஈப்போவில் ஒரு தையல் மெஷின் கடை. அதில் நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். மெஷின் வாங்கிய தோட்டத்துப் பெண்களுக்கு இலவசமாகத் தையல் சொல்லிக்கொடுப்பது கடையின் வழக்கம். அதற்குத்தான் அக்கா. ஒரு வாரம் காம்பார் பக்கம், ஒரு வாரம் தெலுக் இந்தான் பக்கம் என்று சுற்றுவோம். தெலுக் ஆன்சன் என்றுதான் எங்கள் வாயில் வரும். ஊர்ப்பெயரை மாற்றிய பிறகும் ரொம்ப நாள் அப்படித்தான். போனால் இரண்டு மூன்று நாள் தங்கித்தான் திரும்புவோம். தோட்டங்களில் எல்லோரும் அவரை மெஷின் அக்கா என்றே கூப்பிட்டார்கள். நானும் அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யாருக்கு வயது அதிகம் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொண்டதில்லை.

சாயங்காலம் வகுப்பு முடியும். மெஷின்களைத் தூக்கி வேனில் வைத்துவிட்டு டவுனுக்கு வருவோம். எனக்கு வயிறு கூப்பாடு போடும். சோற்றுக்கடை வாசலில் வேனை நிறுத்துவேன். அக்கா இறங்குவார், கடைக்குள் நுழைய மாட்டார்.

"கொஞ்சம் இருங்கண்ணே. வீட்டுக்குச் சொல்லிட்டு வந்திர்றேன்."

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. போன் பெட்டி ரிப்பேர் என்றால் அடுத்த பெட்டி. அதுவும் ரிப்பேர் என்றால் தபால் நிலைய வாசல். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு பெண் வெளியே நிற்கும்போது நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது? இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். மூன்றாவது வாரம் கேட்டே விட்டேன்.

"ஏன்க்கா, உங்க வீட்டுக்கார அண்ணன் என்ன பச்சப் புள்ளையா? சேதி காலையில சொன்னா ஆவாதா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அவரு தம்பி ஒருத்தரு இருந்தாரு. மோட்டர் சைக்கிள்ல போனவரு லாரியில அடிபட்டு மத்தியானமே போயிட்டாரு. வீட்டுக்குச் சேதி வந்தது இருட்டின பொறவு. அதுவரைக்கும் இவரு நண்டுக் கொழம்பு ஊத்தி ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டு, ரேடியோல பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தாரு. தம்பி ரோட்டுல கெடக்குறப்ப நான் நண்டு கடிச்சிக்கிட்டு இருந்தேனேன்னு அவருக்கு மனசு ஆறல. அதுலேருந்து, வீட்டு ஆளு யாரு ரோட்டுல இருந்தாலும், போய்ச் சேந்தாச்சுன்னு தெரியாம ஒரு வாய் சோறு எடுத்து வைக்க மாட்டாரு."

"சரி, லேட்டாதான் சாப்பிடட்டுமே. அதுக்குள்ள என்ன ஆயிரப்போவுது?"

"மயங்கி விழுவாருண்ணே. இனிப்பு நீர் வியாதி இருக்கு. ஆறரைக்கு மாத்திரை போட்டுக்கிட்டா சீக்கிரம் சாப்பிட்டுறணும். ஒரு தடவை சேதி கெடைக்காம காத்திருந்து, வீட்டு வாசல்ல வேர்த்துக் கொட்டி விழுந்துட்டாரு. பக்கத்து வீட்டுக்காரங்க சீனித் தண்ணிய ஊத்தி எழுப்பியிருக்காங்க."

"மாத்திரையைச் சோத்தோட சேத்துப் போடச் சொல்லுங்க."

"சொல்லாம இருப்பேனா? டாக்டரு ஆறரைன்னு சொல்லிட்டாரு, அவ்வளவுதான். டாக்டரு சொன்னதையும் மாத்த மாட்டாரு, தம்பிக்காக எடுத்த முடிவையும் மாத்த மாட்டாரு. நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால், கொஞ்ச நேரத்துக்கு.

அன்று முதல் நானும் அந்தப் போன் விவகாரத்தில் மாட்டிக்கொண்டேன். அதில் மாட்டிய பிறகுதான் அக்கா எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தது. ஒரு சேதி போகவில்லை என்றால் நாமெல்லாம் என்ன செய்வோம்? அவனைத் திட்டுவோம், இவனைத் திட்டுவோம், நம் தலையெழுத்தைத் திட்டுவோம். அக்கா யாரையும் திட்ட மாட்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, "எங்க நின்னுச்சுன்னு பாக்கணும்ணே" என்பார். நின்றுபோன மெஷினைத் திறந்து எந்தப் பல்லில் நூல் சிக்கியிருக்கிறது என்று பார்ப்பாரே, அதே முகம்.

அவர்கள் வீடு ஈப்போவிலேயே, புந்தோங்கில். வீட்டில் போன் கிடையாது. தெருமுனையில் ஒரு சீனருடைய மளிகைக்கடை. கடை முதலாளி என்பதால் எல்லோரும் அவரைத் தவுக்கே என்போம். அங்கே போன் உண்டு. சின்ன வயதில் தோட்டத்துப் பக்கம் கடை வைத்திருந்த குடும்பம், அதனால் தமிழ் பேசுவார். இலக்கணம் அவருடையது. அக்கா முதலில் அவரிடம்தான் சொல்லிவிடப் பார்த்தார். அவரும் "ஓகே ஓகே ஓகே" என்று சொல்லி வைத்துவிடுவார். வீட்டுக்கு மட்டும் சேதி போய்ச் சேராது. ஒரு சனிக்கிழமை அக்கா கடையில் போய் நின்று விசாரித்தார். தவுக்கே சேதியை ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறார். ஆள்தான் வேறு. அந்த நேரத்தில் கடையில் நின்ற ஒரு லாரிக்காரனைப் பிடித்து, "உன் சம்சாரம் பத்திரமா வந்தாச்சு, போய் சாப்பிடு" என்றிருக்கிறார். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பிறகு அக்காவின் வீட்டுக்காரரே ஆறரைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடையில் வந்து உட்கார்ந்தார். அதிலும் சிக்கல். ஈயச் சுரங்கத்தில் பம்பு இன்ஜினுக்குப் பக்கத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர். காது பாதி போய்விட்டது. போனில் வரும் குரல் அவருக்குப் புரியாது. தவுக்கே போனை வாங்கிக் கேட்டுவிட்டு அவர் காதில் கத்துவார். கத்தினாலும் இவர் நம்ப மாட்டார்.

"தவுக்கே எல்லாத்துக்கும் ஓகேன்னுதான் சொல்வாரு. அவரு வாய்ல வர்றத வெச்சு நான் எப்படிச் சாப்பிடுறது?"

நியாயமான கேள்விதான் என்றார் அக்கா. நானாக இருந்தால் தட்டைத் தூக்கித் தலையில் கவிழ்த்திருப்பேன். தந்தி அடித்தால் என்ன என்று கேட்டேன். "தந்தி வந்தா பிரிச்சே பாக்க மாட்டாருண்ணே, நேரா ஒப்பாரிதான்" என்றார். அதுவும் சரிதான். தந்தி என்றால் எங்களுக்கெல்லாம் ஒரே அர்த்தம்தான்.

அப்படி யோசித்து யோசித்து வந்து நின்ற இடம்தான் மணி. குரல் கேட்காது, ஆனால் போன் மேல் கையை வைத்தால் மணி அடிப்பது உள்ளங்கையில் தெரியும். அக்கா வெளியூரில் இருந்து அடிப்பார், மூன்று மணி அடித்ததும் வைத்துவிடுவார். யாரும் எடுக்கக்கூடாது. மூன்று மணி என்றால் நான் வந்து சேர்ந்தாச்சு, நீங்க சாப்பிடுங்க.

தவுக்கேக்கு இது பெரிய சோதனை. "போன் அடிக்குது, எடுக்காம எப்படிம்மா? கஸ்டமர்லா!" என்று குதித்தார். பாவம், முதல் நாள் பழக்கதோஷத்தில் முதல் மணிக்கே எடுத்துவிட்டார். அக்கா சீனப் பெருநாளுக்கு அவர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சட்டை தைத்துக் கொடுத்தார். அதன் பிறகு ஏழு மணியிலிருந்து ஏழே கால் வரை அந்தப் போன் அக்கா வீட்டுக்காரருடையது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கோயிலில் கற்பூரத்தை ஒற்றிக்கொள்ளப் போகிறவர் மாதிரி கையை நீட்டி, போன் மேல் வைத்துக்கொண்டு இருப்பார். நான் பார்த்திருக்கிறேன். சிரிப்பும் வரும், ஒரு மாதிரியாகவும் இருக்கும்.

அதோடு முடிந்ததா? முடியவில்லை. சில நாள் அவர் இரண்டு மணிதான் வந்தது என்பார், சில நாள் நான்கு என்பார். அந்த நாட்களில் சாப்பிடவும் மாட்டார். அவருக்குக் கணக்குத் தப்புகிறது என்று நான் நினைத்தேன். அக்கா அப்படி நினைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை என்னைக் கடையில் போன் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு, அவர் எதிரே மார்க்கெட் வாசல் போன் பெட்டிக்குப் போனார். அங்கே மூன்று கேட்டதும் கையை உயர்த்துவார். நான் இங்கே எத்தனை அடித்தது என்று விரலைக் காட்டவேண்டும். அவர் கையை உயர்த்தினார். நான் இரண்டு விரலைக் காட்டினேன். மறுபடி அடித்தார். மூன்று. மறுபடி. இரண்டு. எத்தனை தடவை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தவுக்கே தலையில் கையை வைத்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். மார்க்கெட்டுக்கு வந்த கூட்டம் நின்று எங்களை வேடிக்கை பார்த்தது.

அக்கா ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"அண்ணே, நான் அங்க கேக்குற மணி வேற, இங்க அடிக்கிற மணி வேற! ரெண்டும் ஒண்ணா போகல. தப்பு அவரு மேலயும் இல்ல, என் மேலயும் இல்ல."

"அதுக்கு ஏன்க்கா இவ்ளோ சந்தோஷம்? சேதி இன்னும் போகலையே?"

"எங்க நின்னுச்சுன்னு தெரிஞ்சிருச்சுல்ல?"

மறுவாரத்திலிருந்து முறையை மாற்றினார். மூன்று மணி இல்லை, மூன்று அழைப்பு. அடித்து வைப்பது, மறுபடி அடித்து வைப்பது, மறுபடி அடித்து வைப்பது. ஒவ்வொன்றிலும் எத்தனை மணி வந்தாலும் கவலை இல்லை. அது தப்பவே இல்லை.

ஒரே ஒரு தடவை தப்பியது. பீடோருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில், கணக்கு வழக்குப் பார்க்கும் கிராணியாரின் ஆபீஸ் போன். அங்கே நம்பரைச் சுற்றினால் நேராகப் போகாது. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண்தான் இணைப்புக் கொடுக்கவேண்டும். அவள் ரொம்ப நல்ல பெண். யாரும் எடுக்கவில்லையே என்று அக்காவுக்காகப் பரிதாபப்பட்டு, விடாமல் அடித்துக்கொண்டே இருந்துவிட்டாள். அங்கே புந்தோங்கில் மனுஷன் கைக்குக் கீழே மணி நிற்காமல் அடிக்கிறது. என்னமோ ஆகிவிட்டது என்று எழுந்தவர் அப்படியே தள்ளாடி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத் தவுக்கேயின் சம்சாரம்தான் வாயில் சோற்றைத் திணித்தாராம். அதற்குப் பிறகு நாங்கள் எந்த ஊரில் தங்குவது என்பதை நேரே போகும் போன் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் அக்கா முடிவு செய்தார். நல்ல மீன் தலைக்கறி கிடைக்கும் ஊர்கள் எல்லாம் என் கையை விட்டுப் போயின.

போனுக்கு மட்டும் இல்லை இந்தக் குணம். ஒரு தோட்டத்தில் வகுப்புக்கு ஒரு பெண்கூட வரவில்லை. ஆறு மெஷினைத் தூக்கி இறக்கிய எனக்கு ஆத்திரம். இந்த ஜனங்களுக்கு அக்கறையே இல்லை என்று கத்தினேன். அக்கா மட்டும் தலையைச் சாய்த்தார். விசாரித்தால், சேதியை விடிகாலையில் பெரட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஆள்களை நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார்களே, அங்கே. கங்காணி ஆண்கள் வரிசைக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறார். அவர்கள் ஒருவராவது வீட்டில் போய்ச் சொன்னால்தானே? "சேதி ஆம்பளைங்ககிட்ட நின்னுருச்சுண்ணே" என்றார். அடுத்த தடவை ஆயாக்கொட்டகையில் சொல்லிவைத்தார். பிள்ளையை விட வரும் ஒவ்வொரு தாயும் அங்கே வந்துதானே ஆகவேண்டும். அன்றைக்குக் கொட்டகை கொள்ளவில்லை.

என்னையும் விட்டுவைக்கவில்லை. தெலுக் இந்தானில் கருவாடு வாங்கிவரச் சொன்னேனே என்று என் சம்சாரம் ஒரு நாள் வேன் பக்கத்தில் வந்து சண்டை. நீ சொல்லவே இல்லை என்று நானும் சாதித்தேன். அக்கா இரண்டு கேள்விதான் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "சேதி உங்க காதுலதான் நின்னுருக்குண்ணே" என்றார். என் சம்சாரத்துக்கு அன்று முதல் அவர் தெய்வம்.

இப்போது அந்த மழை நாளுக்கு வருகிறேன்.

தெலுக் இந்தானைத் தாண்டி உள்ளே ஒரு செம்பனைத் தோட்டம். வகுப்பு முடிகிற நேரத்தில் மழை பிடித்தது. மழை என்றால் சாதாரண மழை இல்லை. செம்மண் ரோடு வாய்க்காலாகிவிட்டது. டவுனுக்குப் போகும் வழியில் சின்னப் பாலம். அதற்கு மேல் தண்ணீர் ஓடியது. வேனைத் திருப்பினேன். தோட்டத்து ஆபீஸ் போனை எடுத்தால் சத்தமே இல்லை, கட்டை மாதிரி இருந்தது. மணி ஏழு ஆகிக்கொண்டிருந்தது.

அக்கா அன்று செய்யாதது ஒன்றும் இல்லை. போன் கம்பி ஆபீஸுக்குள் நுழையும் இடம் வரை பார்த்தார். டிராக்டர் பாலத்தைத் தாண்டுமா என்று கேட்டார். பெரிய துரை பங்களாவில் வேறு லைன் இருக்கிறதா என்று நனைந்துகொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எல்லாம் செத்துக் கிடந்தது.

"தாபா லா அக்கா, தவுக்கே இருக்காரு, பாத்துக்குவாரு" என்றேன். போனால் போகட்டும் என்று சொல்லும் நேரமா அது? வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"போய்ச் சேராத சேதி எங்க நின்னுச்சுன்னு இன்னைக்கு எனக்கே தெரியுதுண்ணே. என்கிட்டதான் நிக்குது." கிராணியார் வீட்டில் கொடுத்த சோற்றை அவர் தொடவில்லை.

விடிந்ததும் தண்ணீர் வடிந்தது. புறப்பட்டோம். காம்பாரில் நிறுத்தச் சொல்லி அடித்துப் பார்த்தார். எங்கேஜ். தவுக்கே சரக்குக்கு ஆர்டர் சொல்லும் நேரம். மறுபடி எங்கேஜ். "நிக்க வேணாம்ணே, ஓட்டுங்க" என்றார். நான் ஓட்டிய ஓட்டத்தில் மெஷின்கள் பின்னால் தாளம் போட்டன. அக்கா இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

புந்தோங் வீட்டில் அவர் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து ரொட்டியைக் கோப்பியில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, இவ்ளோ வெள்ளன வந்துட்ட?" என்றார்.

அக்கா அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "ராத்திரி சாப்பிட்டீங்களா?" என்று கத்தினார்.

"சாப்பிட்டேனே. நீ அடிச்சியே! கொஞ்சம் லேட்டா அடிச்ச. மூணு தடவை. சுடச்சுட சோறு சாப்பிட்டு நல்லா தூங்கிட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அடிக்கவே இல்லை என்பதை அவர் தன் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேரே தவுக்கே கடைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். சந்தோஷப்படவேண்டிய நேரம்தான். ஆனால் அனுப்பாத சேதி எப்படிப் போய்ச் சேரும்?

தவுக்கே வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார். "நான் போன் தொடவே இல்ல, சத்தியம்லா" என்றார், நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே. அக்கா தலையைச் சாய்த்து அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வெளியே வந்து, அந்த வரிசையில் வேறு எந்தக் கடைக்கெல்லாம் போன் கம்பி போகிறது என்று மேலே பார்த்தார். அடுத்த கடை முடிவெட்டும் கடை. கம்பி அங்கே இறங்கியது.

முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னார். "ஆமாக்கா, தவுக்கே வந்து என் போன்ல அடிச்சாரு. அடிக்கிறாரு, வைக்கிறாரு, அடிக்கிறாரு, வைக்கிறாரு. யாருக்குன்னு கேட்டேன், என் கடைக்குங்கிறாரு. நீங்கதான் இங்க நிக்கிறீங்களே தவுக்கேன்னா, வாய மூடுறாங்கிறாரு."

அக்கா திரும்பி வந்து தராசுக்கு முன்னால் நின்றார்.

"அவரு கை ஆடுதும்மா" என்றார் தவுக்கே. தன் கையை நீட்டி நடுக்கிக் காட்டினார். "போன் மேல வெச்ச கை இப்படி ஆடுது. பிஸ்கட் குடுத்தேன், வேணாம். இனிப்புக் கோப்பி குடுத்தேன், வேணாம். ஏழரை ஆச்சு. நான் என்ன செய்யறது?"

"நான் போய்ச் சேந்தேனா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வேன் ஆத்துல போயிருந்தா? நான் செத்துக் கெடந்திருந்தா? அப்பவும் அடிச்சிருப்பீங்களா தவுக்கே?" அக்காவின் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தவுக்கே வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"அப்பவும் அவரு ஆறரைக்கு மாத்திரை போட்டிருப்பாருலா."

அக்கா திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஏழரை லேட்டு" என்றார் அக்கா. "இனிமே ஏழே காலுக்குள்ள மணி வரலன்னா, நீங்க அடிச்சிருங்க."

"ஓகே" என்றார் தவுக்கே. ஒரே ஒரு ஓகேதான்.

வேனில் இருந்து அக்காவின் பையை இறக்கிக் கொடுத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்போ இனிமே மணி அடிச்சா, அது நீங்கதான்னு அண்ணனுக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெரியாதுண்ணே." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நான் போய்ச் சேந்தேனா இல்லையான்னு இனிமே உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."

அதற்குப் பிறகு அவர் வேனில் இருந்த ஒரு நாளும் நான் வேகமாக ஓட்டியதில்லை.